பதினோரு டோக்கனும் ஒரு ரம்ப மேசையும்

ரம்ப மெஷின் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏங்க, பத்து விரலும் ஒழுங்கா இருக்குறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், எதையும் எண்ணிக்கை வைத்துத்தான் பேசுவாள். நான் தோசையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தவள், "சும்மா சொன்னேன். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க" என்றாள்.

குவார்ட்டர்ஸ் அவள் பேரில் இருந்தது. அவள் ரிட்டயர் ஆனதும் அதைக் காலி செய்துவிட்டு வடலூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். புயலில் விழுந்த ஒரு பலா மரத்தைப் பண்ருட்டிப் பக்கம் ஒருவரிடம் வாங்கி, பலகையாக அறுத்து, இரண்டு வருடம் நிழலில் காயவைத்திருந்தேன். நல்ல மஞ்சள் மரம். வீட்டுக்கு வேண்டிய அலமாரி, மேசை எல்லாம் என் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் பலகையை நீளவாக்கில் கைரம்பத்தால் அறுத்தால் ஒன்றுக்கு ஒரு நாள் ஆகிறது, தோள்பட்டை அதைப் பற்றி ஒரு வாரம் பேசுகிறது. அறுபத்தொரு வயதில் தோளோடு சண்டை போட முடியாது.

மெஷின் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் விவரம் உண்டு. டேபிள் சா என்பது வேறொன்றுமில்லை, ஒரு மேசை, அதன் நடுவே பிளவு, பிளவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வட்ட ரம்பம். மரத்தைத்தான் ரம்பத்திடம் தள்ள வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவன் முன்னால் மூன்று வழி. ஒன்று, தூக்கிக்கொண்டு போகிற சின்ன மெஷின். மேசை அலுமினியம், மோட்டார் மிக்ஸி போலக் கத்தும், கனமான பலகையை வைத்தால் மெஷினே நடந்து போய்விடும். இன்னொன்று, நாலு பக்கமும் இரும்புப் பெட்டி போல அடைத்த பெரிய மெஷின். அதற்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், இறக்கிவைக்கக் கிரேன் வேண்டும், வீட்டில் சமாதானமும் வேண்டும். நடுவில் இருப்பதுதான் எனக்குத் தோதானது. நாலு கால் ஸ்டாண்டு, வார்ப்பிரும்பு மேசை, பின்னால் தொங்கும் மோட்டார், பெல்ட்டில் ஓடும் ரம்பம். வீட்டுக் கரண்டே போதும். அதற்குக் காண்ட்ராக்டர் சா என்று பேர். கட்டட வேலை எடுக்கும் காண்ட்ராக்டர்கள் சைட்டுக்குக் கொண்டுபோவதற்காகச் செய்த மெஷினாம். பேரைக் கேட்டதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் கழுத்தில் டை கட்டியிருந்தார். ரம்பம் பலகையை நம் மேலேயே திருப்பி எறியாமல் இருக்க அதற்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு இதில் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு சார், வாரண்டியும் இருக்கு" என்றார். நான் குனிந்து ஸ்டாண்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் திரும்பிப் பார்க்காமல், எனக்கும் சொல்லாமல், பக்கத்தில் இருந்த சின்ன மெஷினின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

"யார்றா போட்டது?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. அந்த மெஷினுக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று முழங்கால் போட்டுப் பார்த்தேன். பளபளவென்ற டைல்ஸ் தரை, தூசு கூட இல்லை. விற்பனையாளர் சுவிட்சை அணைத்துவிட்டு, "சார், தண்ணி குடிக்கிறீங்களா" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மெஷின் பார்க்கப் போனவன் பஸ் டிக்கெட்டோடு வீடு திரும்பினேன்.

இனிமேலும் மறைத்து எழுதினால் எனக்கே வெட்கம். சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பட்டறையில் நான் போர்மேன். வெளியூர்களுக்கு மோட்டார், பம்ப் அனுப்புகிறவர்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுப்பது தொழில். பட்டறை இன்று இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பின்கட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு பழைய ரம்ப மேசை இருந்தது. கரண்டை மொத்தமாக அணைக்கிற மெயின் சுவிட்சு என் அறைச் சுவரில். அதன் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகை, பலகையில் பதினோரு ஆணி, ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன்.

அந்தப் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே நான்தான். மெஷினைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ மெயினை அணைத்தால், உள்ளே கை வைக்கப் போகிறவன் தன் டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். ஒரே ஓர் ஆணி காலியாக இருந்தாலும் மெயினைத் தொடக் கூடாது. இதில் எனக்கு அப்படியொரு பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் பலகையைக் காட்டுவேன்.

பதினோரு டோக்கனும் நிரந்தர ஆட்களுக்கு. பலகை தூக்கவும் மரத்தூள் அள்ளவும் வருகிற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கிடையாது. மெஷினில் கை வைக்கவே கூடாதவர்களுக்கு டோக்கன் எதற்கு என்பது முதலாளியின் நியாயம். எனக்கும் அது சரியென்றே பட்டது. பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் 'காண்ட்ராக்ட் 4' என்று தினமும் காலையில் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் ரம்பத்துக்கு அடியில் அடைத்துக்கொள்கிற தூளைக் கையை விட்டு வாரி எடுத்தது யார்? அந்த நாலு பேர்தான். தினமும் பார்த்தேன். ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ரம்பத்தைச் சுத்தம் செய்ய மெயினை அணைத்தோம். சுரங்கத்தில் இரண்டு மணிச் சங்கு ஊதியபோது நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாசலில் லாரி நின்றது, டிரைவர் அவசரப்படுத்தினான். பலகையைப் பார்த்தேன். பதினோரு டோக்கனும் தொங்கின. மெயினைப் போட்டேன். ரம்பத்தின் சொந்தச் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. பழைய மெஷின், கரண்ட் வந்தால் தானாகவே ஓட ஆரம்பிக்கும். காண்ட்ராக்ட் ஆள் ஒருவர், இருபத்தாறு வயது இருக்கும், அடியில் கையை விட்டுத் தூள் வாரிக்கொண்டிருந்தார்.

ரம்பம் மரத்தைத் தொட்டால் பட்டறை முழுக்கச் சத்தம் கேட்கும். அன்று பெரிதாக ஒரு சத்தமும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நான் லாரிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றேன், யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஓடினேன். அவரைத் தூக்கி லாரியிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் பேர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதம் என்னிடம் வேலை பார்த்தவர். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

மறுநாள் முதலாளி, விபத்து பற்றி எழுதிக் கொடு என்றார். எப்படி எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மேசை மேல் தாளை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வேலையாள் தன் கவனக்குறைவால், ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தில் கை வைத்ததால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரம்பம் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான்தான் ஓடவிட்டேன். போலீஸ், கோர்ட், வேலை போகும் என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அடிபட்டவருக்கோ அந்த மத்தியானம் சுத்தமாக நினைவில் தங்கவில்லை. தூக்கி வந்தது நான் என்பதே ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். நான் எழுதியதைத்தான் அவரும் நம்பினார். அந்தத் தாளைக் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே போர்மேனாக இருந்தேன். என் மனைவிக்குக் கூட டோக்கன் விஷயத்தைச் சொன்னதில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து வெறும் கையோடு வந்தவனைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. தெரிந்த ஆசாரியிடம் விசாரித்து வந்தாள். "மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய மெஷின் கடை இருக்காம். மூடுற பட்டறையிலேருந்து வாங்கி, சரி பண்ணி விக்கிறாராம். ஏமாத்த மாட்டாராம்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு கை சரியா இல்லாதவராம்" என்றாள்.

அந்தக் கடை எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தத் தெருவுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். அவளிடம் சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ரம்பத்துக்காகப் போனேனா, அவரைப் பார்க்கப் போனேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்ற தயாரிப்போடுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க சார், வாங்க. எத்தினி வருஷம் ஆச்சு" என்று இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "ஏ, யாரு வந்துருக்காங்க பாரு. அன்னிக்கி என்னைத் தூக்கிகினு ஓடுனாருன்னு சொல்லுவேன்ல, அந்த சாரு" என்றார். அவர் மனைவி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார். எனக்கு டீ வந்தது. சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் தேடிய மெஷின் கடையின் நடுவிலேயே நின்றது. அவர் அதைத் தடவியபடி சொன்னார்: "காண்ட்ராக்டர் சாங்க. சைட்டுக்குத் தூக்கிகினு போறதுன்னு பேரு, தூக்கறதுக்குள்ள ரெண்டு பேருக்கு இடுப்பு வுட்டுரும். மேல பாருங்க, முழுக்க வார்ப்பு. மோட்டாரு பின்னாடி தொங்கிகினு இருக்குதா, அதால தூளு அதுல அடையாது. மரத்த ஒட்டி நடத்துற கம்பி லேசா கோணிகினு இருந்துச்சு, நிமுத்திட்டேன்."

நான் இரும்பு ஸ்கேலை மேசையின் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். பிறகு என்னை மீறி வாயில் வந்தது: "கரண்ட் போய் வந்தா இது தானா ஓடுமா?"

"ஓடாதுங்க. பச்ச பட்டன அமுக்குனாத்தான் ஓடும். பழைய சுவிட்ச கழட்டிட்டு நானே மாத்துனேன்" என்றார். "என்னாமோ தெரியல சார், எந்த மெஷினு வந்தாலும் எனக்கு அதத்தான் மொதல்ல மாத்தணும்னு தோணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நினைவில் இல்லாத மத்தியானம் உடம்பில் எங்கேயோ இருந்திருக்கிறது. நான் ஸ்கேலைப் பைக்குள் வைக்க இரண்டு முறை முயன்றேன்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு ரூபாய்க் காசை மேசை மேல் செங்குத்தாக நிறுத்தினார். மெஷின் அதிர்ந்தால் காசு விழும். சுற்றிலும் பார்த்தார். விரலை நீட்டி, கடைசியாக மனைவியைக் காட்டி, "நீங்க, நானு, அது. மூணு பேரு" என்று சத்தமாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, தான் நகராமல், "போடு" என்றார். அவர் மனைவிதான் வந்து பச்சைப் பட்டனை அமுக்கினார். ரம்பம் சுழன்றது. காசு அப்படியே நின்றது.

"நீங்க போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் கவனம் கெட்டவன் சார்" என்று சிரித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, கண்ணாடித் தாள் ஒட்டிய ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. "உதவித்தொகைக்கு அலையும்போது ஆபீசு ஆபீசா இதத்தான காட்டணும். ஒவ்வொருத்தனும் படிச்சிட்டு, 'ஓடிக்கிட்டிருந்த ரம்பத்துலயா கைய வச்சே'ம்பான். நானும் ஆமாங்கம்பேன். அதான் மெஷினு போடுறதுக்கு முன்னாடி ஆள எண்ணிருவேன், போடுறத அதுகிட்ட வுட்டுருவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த வாரமும் போனேன், பெல்ட் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில். மூன்றாவது முறை, ரம்பத்தைச் சாய்க்கிற கைப்பிடி இறுகுகிறதா என்று பார்க்க. ஒவ்வொரு முறையும் அவர் எண்ணினார், அவர் மனைவி போட்டார், நான் டீ குடித்துவிட்டு வந்தேன். என் மனைவி, "பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ள வீடு கூட இத்தனை தடவை போக மாட்டாங்க. பிடிச்சிருக்கா இல்லையா, சொல்லித் தொலைங்க" என்றாள். வீட்டில் இருக்கும்போது இரண்டு மணி ஆனால் போதும், தூரத்துச் சங்கு வடலூரில் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் பச்சைப் பலகை. பதினோரு டோக்கனும் ஒழுங்காகத் தொங்கும். பன்னிரண்டாவதாக ஓர் ஆணியைத் தேடுவேன், இருக்காது.

நான்காவது முறை போனபோது டீ வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை.

"தம்பி, அன்னைக்கு ரம்பம் ஓடிக்கிட்டு இருக்கல" என்றேன். "மெயின் அணைச்சிருந்தது. நீங்க உள்ள இருக்கீங்கன்னு பாக்காம நான்தான் மெயினைப் போட்டேன். போட்டுட்டு, ஓடிக்கிட்டு இருந்ததா எழுதினேன்."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பொருள் வாங்க வந்தவன் சந்தேகம் கேட்டது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டோக்கன் பாத்தீங்களா?"

"பாத்தேன். பதினொண்ணும் இருந்தது."

"எனக்குத்தான் டோக்கனே இல்லியே சார்."

"ஆமாம்" என்றேன்.

அவர் எழுந்து கடையின் பின்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். இதுவரை என்னிடம் நாலு வார்த்தை கூடப் பேசாதவர். குரலை உயர்த்தாமல் பேசினார்: "எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குது. ஒம்பது வயசு. பொறந்தப்ப நர்ஸம்மா கையில குடுக்க வந்தாங்க. இவுரு வாங்க மாட்டேன்னுட்டாரு. நான் கவனம் இல்லாதவன், எழுதியே குடுத்துட்டாங்க, கீழ போட்டுருவேன்னு சொல்லிட்டாரு. நடக்கற வரைக்கும் அத தூக்கவே இல்ல. எம் பொண்ண அவங்கப்பா தூக்கல. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அழுகை வந்தது. அங்கே நின்று அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் தெருவுக்கு இறங்கினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எழுதிக் குடுங்க. ஓடிக்கினு இல்லன்னு எழுதிக் குடுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

"எந்த ஆபீசுக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன் தம்பி."

"ஆபீசு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எம் பொண்ணு படிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: "அந்த ஆளைப் பத்திப் பேச்சு வந்தப்ப எல்லாம், பாவம், கவனமில்லாத பிள்ளைன்னு நானும் சொல்லியிருக்கேன். என் வாயாலயும் சொல்ல வச்சுட்டீங்களே." இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள், நான் எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்தாள். எதிர்பாராமல் நடந்துவிட்டது, டோக்கன் முறையில் குறை இருந்தது என்றெல்லாம் முன்னால் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் இரண்டையும் அடித்தாள். "அவர் பொண்ணு படிக்கப் போகுது. ஒம்பது வயசுக் குழந்தைக்குப் புரியற மாதிரி எழுதுங்க. என்ன செஞ்சீங்களோ அதை எழுதுங்க" என்றாள். கடைசியில் ஆறு வரிதான் மிஞ்சியது. முதல் வரியில் அவர் முழுப்பேர், அப்பா பேரோடு. அந்தப் பேரை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் வீட்டுத் தாளில் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும்.

தாளை வாங்கி அவர் கடைக்குள் நின்றபடியே படித்தார். இன்னொரு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய காகிதம் இழுப்பறையிலேயே இருந்தது, அதை அவர் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மெஷின எப்ப அனுப்பட்டும்?" என்றார்.

"வேண்டாம் தம்பி. நான் அதைத் தொடக் கூடாது."

"வேணும்னுதான வந்தீங்க" என்றார், முதல் முறையாகக் குரலில் சூடு ஏறியது. "நாலு வாட்டி வந்து பாத்தீங்க. வாங்கிக்கினு போங்க. தெனம் அத பாத்துகினு இருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லோடு ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. அவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மேசையைத் தனியாக, ஸ்டாண்டைத் தனியாக, மோட்டாரைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆட்டோ டிரைவரும் நானும் தூக்கினோம், அவர் வழி சொன்னார். கொட்டகையில் நாலு காலும் சமமாக உட்கார ஒரு காலுக்கு அடியில் தகடு வைத்தார். மோட்டாரைத் தொங்கவிட்டு, பெல்ட்டை மாட்டி, இடது கையால் இழுத்துப் பார்த்தார். டிரைவர் கூலி வாங்கிக்கொண்டு போனார். என் மனைவி யாரிடமும் எதுவும் சொல்லாமல் சமையலறையில் சமைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப அவளுக்கு மனமில்லை. அவர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்கவும் தைரியமில்லை.

ஒரு பலாப் பலகையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் பச்சைப் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மனைவியைக் கூப்பிடவில்லை. வலது கையின் கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்தார், ஆனால் அமுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"எண்ணுங்க சார்."

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். மோட்டாருக்குப் பின்னால் பார்த்தேன். பலகை அடுக்குக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நிமிர்ந்து சொன்னேன்: "நீங்க, நான். ரெண்டு பேரு."

அவர் விரலை எடுத்துவிட்டார்.

"மூணுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எங்க வூட்டுக்காரி வாசல்ல நிக்குது."

திரும்பினேன். கொட்டகை வாசலில், என் முதுகுக்கு நாலு அடி பின்னால், பெல்ட்டை மூடுகிற தகரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மெஷினுக்கு அடியில் தேடியவன் வாசலைப் பார்க்கவில்லை.

"திரும்ப எண்ணுங்க. பேரு சொல்லி எண்ணுங்க" என்றார்.

அவர் பேரைச் சொன்னேன். என் பேரைச் சொன்னேன். அவர் மனைவி பேர் எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை அந்தக் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். அவர் பக்கம் திரும்பி, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டேன். பெல்ட் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்லி, மூணு பேர் என்றேன். அதற்கப்புறம்தான் அவர் கணவர் கட்டை விரலைத் திரும்ப வைத்துப் பட்டனை அமுக்கினார்.